கட்டடத் தொழிலாளருக்குப் பாதுகாப்புப் பயிற்சி: கைநாட்டோடு நிற்காமல் கைப்பழக்கம் ஆக்குவது எப்படி

கோவையில் அடுக்குமாடிக் கட்டட வேலைகளில் பாதுகாப்பு அலுவலராக இருக்கிறேன். அதற்கு முன்பு கம்பி கட்டினவன். என் அம்மா சித்தாளாக இருந்தவர். சிறு ஒப்பந்ததாரர்கள், மேஸ்திரிகள், படிப்பு முடித்துப் புதிதாக சைட்டுக்கு வந்திருக்கும் இன்ஜினியர் தம்பி தங்கைகள், இவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பெரிய கம்பெனிகளுக்கு இதற்கென்று ஒரு துறையே இருக்கும். 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில்தான் பாதுகாப்பு அலுவலர் வேண்டும் என்றது. 2020இல் வந்த தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதை 250 ஆகக் குறைத்தது. பதினைந்து பேரை வைத்து மூன்று மாடி வீடு கட்டும் இடத்துக்கு இரண்டின்படியும் தனியாக ஆள் கிடையாது. அங்கே பயிற்சி கொடுக்க வேண்டியவர் நீங்கள்தான்.

வழக்கமாக நடக்கும் பயிற்சி எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரையும் வெயிலில் நிற்கவைத்து ஒருவர் மைக்கில் பேசுவார். உறுதிமொழி வாசிப்பார்கள். பதிவேட்டில் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி, போட்டோ எடுத்து மேலே அனுப்புவார்கள். மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு தினத்தன்று இது ஊரெங்கும் நடக்கும். பேச்சு முடிந்த கொஞ்ச நேரத்தில் அதே ஆட்கள், விழாமல் பிடித்துக்கொள்ளும் பாதுகாப்பு பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, கொக்கியை எங்கேயும் மாட்டாமல், ஸ்லாப் விளிம்பில் நிற்பார்கள். அவர்கள்மேல் தப்பு சொல்ல எனக்கு மனம் வராது. பெரும்பாலும் மாட்டுவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது.

பயிற்சிக்குப் பலன் உண்டா என்று நிறையப் பேர் ஆராய்ந்திருக்கிறார்கள். மைக்கேல் பர்க் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் 95 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆளே கையால் செய்து பழகுகிற பயிற்சிக்குத்தான் பலன் அதிகம். சொற்பொழிவு, வீடியோ, துண்டுப் பிரசுரத்துக்குக் குறைவு என்று அதில் வந்தது. பல ஆய்வுகளைச் சலித்துப் பார்க்கும் காக்ரேன் என்ற அமைப்பு, கட்டுமானத் துறையை மட்டும் எடுத்துப் பார்த்த தொகுப்பாய்வு இன்னும் கண்டிப்பானது. பயிற்சியை மட்டும் கொடுத்ததால் காயங்கள் குறைந்தன என்று சொல்லப் போதிய ஆதாரம் அதற்குக் கிடைக்கவில்லை. பல வேலைகளைச் சேர்த்து, விடாமல் செய்த இடத்தில்தான் குறைவு தெரிந்தது. நான் சைட்டில் பார்த்ததும் இதேதான். சொல்லிக்கொடுத்ததைச் செய்ய அன்றைக்கே அங்கே வழி இருக்க வேண்டும். இல்லையென்றால் அது சீக்கிரம் மறந்துபோகும்.

முதலில் நீங்கள் ஒரு சுற்று சுற்றுங்கள்

பயிற்சிக்கு முந்தின நாள், பேனாவும் நோட்டும் எடுத்துக்கொண்டு கீழிருந்து மேலே நடந்து போங்கள். லிஃப்ட் குழி வாசல் மூடியிருக்கிறதா? படிக்கட்டு ஓரத்தில் கைப்பிடி உண்டா? சாரத்தில் எத்தனை பலகை இருக்கிறது? ஒற்றைப் பலகையில் நின்று பூசுகிறார்களா? விளிம்பில் வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர், அவர்களில் கொக்கி மாட்டியிருப்பவர்கள் எத்தனை பேர்? எண்ணி எழுதுங்கள். பிற்பாடு பயிற்சி பலித்ததா என்று பார்க்க இந்த எண்ணிக்கை வேண்டும்.

நீங்களே சரிசெய்ய வேண்டியதை அன்றைக்கே சரிசெய்துவிடுங்கள். ஒரு மீட்டர் உயரத்தில் கைப்பிடி, அதற்கும் தளத்துக்கும் நடுவில் இன்னொரு குழாய், கீழே சாமான் உருண்டு விழாமல் இருக்கக் கால் பலகை. லிஃப்ட் வாசலுக்கு ஆணி அடித்த அடைப்பு. இதெல்லாம் இருக்கிற இடத்தில் பயிற்சியே பாதி குறைந்துவிடும். விழ வழியில்லாத விளிம்பைப் பற்றி யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

நேரமும் கூலியும்

பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். கம்பி வேலை டன் கணக்கில் போகிறது, சென்ட்ரிங் (கான்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கப் பலகையும் முட்டும் அடிக்கும் வேலை) சதுர அடிக் கணக்கில். நீங்கள் எடுக்கும் அரை மணி நேரம் அவர்கள் கூலியில் விழுகிற ஓட்டை. அந்த நேரத்துக்குக் காசு உண்டு என்று முந்தின நாளே மேஸ்திரியிடம் தெளிவாகப் பேசிவிடுங்கள். அப்படிப் பேசாத இடத்தில், கூட்டம் கூடுமே தவிர காது அங்கே இருக்காது. நான் கம்பி கட்டின காலத்தில் இப்படி நின்றிருக்கிறேன், அதனால் தெரியும்.

காலையில் வேலை தொடங்கும் முன், நிழலில், பத்துப் பதினைந்து நிமிடம். ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். ஒரு நாளைக்கு ஒரே விஷயம். அன்றைக்கு அவர்கள் செய்யப்போகிற வேலை எதுவோ அதைப் பற்றி மட்டும். ஸ்லாப் கான்கிரீட் போடுகிற அன்று குழி வெட்டுவதைப் பற்றிப் பேசினால் யாருக்கு ஏறும்?

மொழி இன்னொரு தடை. இன்று கோவை சைட்டில் சென்ட்ரிங் ஆட்கள் பீகார், கம்பி ஆட்கள் ஒடிசா அல்லது மேற்கு வங்காளம், சித்தாள்கள் நம் ஊர் அக்காக்கள் என்று கலந்து இருப்பார்கள். மொழிபெயர்க்க ஒருவரை நிறுத்துவதைவிட, ஒவ்வொரு செட்டிலும் மற்றவர்கள் மதிக்கிற ஒருவரைப் பிடித்து, அவருக்கு முந்தின நாளே தனியாகச் சொல்லிக்கொடுத்து, மறுநாள் அவரையே செய்துகாட்டச் சொல்லுங்கள். அவர் பேசும் ஒடியாவோ போஜ்புரியோ உங்களுக்குப் புரிய வேண்டியதில்லை. அவர் கை செய்கிறதைப் பார்த்தால் சரியா தப்பா என்று தெரிந்துவிடும். கடைசியில், "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள். "தம்பி, நீ மாட்டிக் காட்டு" என்று கேளுங்கள்.

சித்தாள்களைக் கட்டாயம் முன்வரிசையில் உட்காரவையுங்கள். "ஹெல்ப்பர்தானே" என்று அவர்களைக் கலவையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுவிடுகிறார்கள். மேலிருந்து செங்கல் விழுந்தால் அடியில் நிற்பவர் அவர்தான். சாரத்தில் பாண்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுவதும் அவர்தான்.

பெல்ட்: ஒரு முழுக் காலைப் பொழுதை இதற்குக் கொடுங்கள்

உயரத்திலிருந்து விழுவதுதான் நம் தொழிலில் பெரிய எமன். அதனால் இதில் அவசரப்பட வேண்டாம்.

முதலில் பெல்ட்டைத் தரையில் விரித்து, பட்டையை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். வெல்டிங் பொறி பட்ட ஓட்டை, அறுந்த தையல், துருப்பிடித்த கொக்கி எல்லாம் கைக்குத் தெரியும். குறையுள்ள பெல்ட்டை அவர்கள் எதிரிலேயே வெட்டிப் போடுங்கள். பிறகு போடச் சொல்லுங்கள். முதுகில் இருக்கும் டி வளையம் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே வர வேண்டும். தொடைப் பட்டை இறுக்கமாக, உள்ளங்கை மட்டும் நுழையும் அளவில் இருக்க வேண்டும். வெயிலில் எரிகிறது என்று தொடைப் பட்டையை மாட்டாமல் விடுவது வழக்கம். அப்படி விட்டால், விழும்போது உடம்பு பெல்ட்டிலிருந்து உருவிக்கொண்டு போய்விடும்.

அடுத்து, வலுவான பீமில் கயிற்றைக் கட்டி, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் ஒருவரைத் தொங்கவிடுங்கள். பக்கத்தில் இரண்டு பேர் பிடித்துக்கொள்ளத் தயாராக நிற்க வேண்டும். ஒரு நிமிடம்கூட வேண்டாம். பட்டை எங்கே அழுத்துகிறது, ஏன் இறுக்கச் சொன்னார்கள் என்று அவருக்கே தெரிந்துவிடும். இறங்கியதும் தானாகவே பட்டையைச் சரிசெய்துகொள்வார். நான் கொடுக்கிற பயிற்சியில் ஆட்கள் மாதக்கணக்கில் மறக்காமல் வைத்திருப்பது இந்த ஒன்றைத்தான்.

அப்புறம் டேப்பை எடுங்கள். பெல்ட்டையும் கொக்கியையும் இணைக்கும் கயிறான லேன்யார்டு 1.8 மீட்டர். விழும்போது அதிர்ச்சியைத் தாங்க அதில் மடித்துத் தைத்திருக்கும் பட்டை, ஷாக் அப்சார்பர், கிழிந்து 1.75 மீட்டர் வரை நீளும். முதுகு வளையத்திலிருந்து கால்வரை ஏறக்குறைய 1.5. கால் தரையில் படாமல் இருக்க 1 மீட்டர். கூட்டினால் 6 மீட்டருக்கு மேல், அதாவது 20 அடி. கொக்கி மாட்டிய இடத்திலிருந்து கீழே அவ்வளவு காலி இடம் வேண்டும். நம் வீடுகளில் ஒரு தளம் 10 அடிதான். டேப்பை மேலிருந்து கீழே தொங்கவிட்டுக் காட்டினால், முதல் தளத்தில் காலடியில் கொக்கி மாட்டிக்கொண்டு நிற்பதால் பயனில்லை என்று பார்த்தவுடனே புரியும். அந்த உயரத்தில் காப்பாற்றுவது கைப்பிடியும் முழுப்பலகை போட்ட சாரமும்தான். இது ஆட்களைவிட உங்களுக்கான பாடம்.

எங்கே மாட்டக்கூடாது என்பதையும் தொட்டுக் காட்டுங்கள். சென்ட்ரிங் முட்டில் கூடாது. தண்ணீர்க் குழாயில் கூடாது. நட்டுக்குத்தாக நிற்கும் பில்லர் கம்பியில் கூடாது, கொக்கி உருவிக்கொண்டு வந்துவிடும். தலைக்கு மேலே, இன்ஜினியர் பார்த்துச் சொன்ன இடத்தில் மட்டும். இடம் மாறும்போது ஒரு கொக்கியைக் கழற்றும் முன் இன்னொன்றை மாட்ட வேண்டும், அதற்குத்தான் இரட்டைக் கொக்கி. இந்த இரண்டு கொக்கிப் பழக்கம் கைக்கு வர நேரம் எடுக்கும். சாரத்தின் முதல் அடுக்கில், தாழ்வான உயரத்தில், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து நடந்து பழகட்டும்.

ஒருவர் விழுந்து பெல்ட்டில் தொங்கினால் வேலை முடிந்துவிடவில்லை. அசையாமல் தொங்கினால் காலில் ரத்தம் தேங்கி மயக்கம் வரும், உயிரே போகலாம். சில நிமிடங்களில் இறக்கியாக வேண்டும். ஏணி எங்கே இருக்கிறது, யார் எடுத்து வருவார், யார் 108க்கு அழைப்பார் என்று பெயர் சொல்லி ஒத்திகை பாருங்கள்.

தொட்டிக்குள் இறங்குவது

புதிதாகக் கட்டிய சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி), செப்டிக் டேங்க், மூடிய தண்ணீர்த் தொட்டி. கான்கிரீட் போட்டுச் சில வாரம் கழித்துச் சென்ட்ரிங் பிரிக்க ஒருவர் உள்ளே இறங்குவார், மயங்கி விழுவார். அவரைத் தூக்க அண்ணன் இறங்குவார், அடுத்து மேஸ்திரி. தமிழ்நாட்டில் இந்தச் செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. "இது புதுத் தொட்டிதானே, சாக்கடை இல்லையே" என்று நினைக்கிறார்கள். உள்ளே ஊறிக் கிடக்கும் பலகையும் தேங்கிய தண்ணீரும் அழுகி, காற்றிலிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடுகின்றன. வாடை இல்லாமலே ஆள் விழுவார்.

இதைச் சொல்லும்போது நான் குரலை உயர்த்தித்தான் சொல்வேன். எல்லா மூடியையும் திறந்து, ஊதுகுழாய் விசிறி வைத்துக் காற்றோட்டம் செய்து, வாயு அளக்கும் கருவி வைத்துப் பார்த்த பிறகே இறங்க வேண்டும். இறங்குகிறவர் இடுப்பில் கயிறு மட்டும் கட்டினால் போதாது. முழு பெல்ட் போட்டு, மேலே தூக்கும் கப்பியோடு இணைத்திருக்க வேண்டும். மேலே ஒருவர் வேறு எந்த வேலையும் செய்யாமல் நிற்க வேண்டும். அவர் எக்காரணத்துக்கும் உள்ளே இறங்கக்கூடாது. தன் தம்பி உள்ளே கிடந்தாலும் இறங்கக்கூடாது, கப்பியைச் சுற்ற வேண்டும். கருவி இல்லையென்றால் சென்ட்ரிங் உள்ளேயே கிடக்கட்டும், அந்தப் பலகைக்கு என்ன விலை வந்துவிடும்?

குழி வெட்டும் வேலைக்கும் இதே கண்டிப்பு வேண்டும். ஆழம் 1.5 மீட்டர் தாண்டினால் பக்கவாட்டில் முட்டுக் கொடுக்க வேண்டும் அல்லது சரிவாக வெட்ட வேண்டும். தோண்டிய மண்ணைக் கரையிலேயே குவிக்காமல் குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளிப் போட வேண்டும். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் கனக்கும். மார்புவரை புதைந்தாலே மூச்சு விட முடியாது.

கரண்டுக்குச் சுருக்கமாக ஒன்று. கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்சான 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத போர்டில் வேலை தொடங்க வேண்டாம். தினமும் காலையில் அதன் டெஸ்ட் பட்டனை, கான்கிரீட்டை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டரைப் பிடிக்கும் ஆளே அழுத்திப் பார்க்கட்டும். கரண்ட் துண்டிக்காவிட்டால் எலக்ட்ரீஷியன் வரும்வரை அந்த போர்டைத் தொடக்கூடாது. தீக்குச்சி செருகிய வெறும் வயரைப் பார்த்தால் உடனே பிடுங்குங்கள். பதிலுக்குப் பிளக் நீங்கள் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

உடம்பைத் தின்னும் விஷயங்கள்

விபத்து என்றால் பதறுகிறோம். மெதுவாக வருவதற்கு யாரும் பதறுவதில்லை. என் அம்மாவின் விரல் இடுக்குகள் சிமெண்டில் வெந்து வெடித்திருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஈரச் சிமெண்ட் கடும் காரம், தோலை அரித்துத் தின்னும். அதில் இருக்கும் குரோமியம் சிலருக்கு வாழ்நாள் முழுக்கத் தீராத அரிப்பைக் கொடுக்கும். ரப்பர் கையுறை, கம்பூட். பூட்டுக்குள் கலவை இறங்கினால் வேலை முடியும்வரை காத்திருக்காமல் அப்போதே கழற்றி நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். அதற்குக் கலவை போடும் இடத்திலேயே ஒரு டிரம் தண்ணீரும் சோப்பும் வையுங்கள்.

கிரானைட், டைல்ஸ் அறுக்கும்போது பறக்கும் தூளில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் படிந்தால் வரும் சிலிகோசிஸ் நோயைக் குணப்படுத்த மருந்து கிடையாது. முகத்தில் கட்டும் துண்டு அதைத் தடுக்காது. தண்ணீர் விட்டு அறுக்க வேண்டும். அதோடு என்95 தரத்தில் மாஸ்க். உலர்வாக ஒரு கல்லும் நனைத்து ஒரு கல்லும் அறுத்துக் காட்டினால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

வெயில் காலத்தில் ஒவ்வொரு 20 நிமிடத்துக்கும் ஒரு டம்ளர் தண்ணீர், தாகம் எடுக்காவிட்டாலும். ஊரிலிருந்து புதிதாக வந்தவருக்கு முதல் நாள் வழக்கமான வேலையில் ஐந்தில் ஒரு பங்குதான் கொடுக்க வேண்டும், பிறகு தினம் ஒரு பங்கு கூட்டலாம். உடம்பு வெயிலுக்குப் பழக ஒரு வாரமாவது வேண்டும். யாராவது குழறிப் பேசினால், தள்ளாடினால், நிழலுக்கு இழுத்துப்போய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐ அழையுங்கள்.

சித்தாள் அக்காக்கள் தண்ணீரே குடிப்பதில்லை என்று ஒரு இன்ஜினியர் என்னிடம் குறைபட்டுக்கொண்டார். அந்த சைட்டில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. தண்ணீர் குடித்தால் எங்கே போவார்கள்? தாழ்ப்பாளோடு ஒரு கழிப்பறை வைத்த பிறகு அவர்களிடம் வெயில் பாடம் பேசினோம். அப்போதுதான் அது பாடம் ஆனது.

"நிறுத்து" என்று சொன்னால் நிற்க வேண்டும்

யாராக இருந்தாலும் ஆபத்தைப் பார்த்தால் வேலையை நிறுத்தலாம் என்று சொல்லிக்கொடுங்கள். "நிறுத்து", இந்தியில் "ருக்கோ", இரண்டு கையையும் அகல விரித்து ஆட்டுவது, மூன்றையும் எல்லோரும் ஒன்றாகச் செய்து பழகட்டும். ஆனால் பயிற்சியைக் காப்பாற்றுவதோ கெடுப்பதோ, முதல் தடவை ஒருவர் அப்படி நிறுத்தும்போது நீங்கள் நடந்துகொள்ளும் விதம்தான். ஒரு சைட்டில், சாமான் ஏற்றும் லிஃப்ட்டின் கம்பிக்கயிறு பிரிந்திருப்பதைப் பார்த்துவிட்டு ஒரு அக்கா கத்தி நிறுத்தினார். ஒரு மணி நேரம் வேலை நின்றது. மேஸ்திரி அவரைத் திட்டாமல், மறுநாள் காலை எல்லோர் முன்னும் அந்தக் கயிற்றைக் காட்டி, "அக்கா பார்த்ததால தப்பிச்சோம்" என்றார். அந்த வாரத்திலிருந்து ஆட்கள் தாங்களாகவே வந்து, "அண்ணே, அங்க ஒரு பலகை ஆடுது" என்று சொல்லத் தொடங்கினார்கள். இன்னொரு சைட்டில் இதேபோல் நிறுத்திய பையனுக்கு அரை நாள் கூலியைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு அங்கே யாரும் வாய் திறக்கவில்லை.

மயிரிழையில் தப்பியவற்றை எழுத ஒரு நோட்டு வையுங்கள். நல்ல பயிற்சிக்குப் பிறகு இந்த நோட்டில் பக்கங்கள் கூடும். அதைப் பார்த்து முதலாளி பயப்படலாம். ஆட்கள் கண்ணைத் திறந்து பார்க்கிறார்கள், பயப்படாமல் சொல்கிறார்கள் என்று அவருக்கு விளக்குங்கள்.

பலன் தெரிய, ஒரு வாரம் கழித்தும் மூன்று மாதம் கழித்தும் முதலில் நடந்த அதே சுற்றை நடங்கள். அதே விளிம்பு, அதே கேள்விகள், அதே நோட்டு. சொல்லாமல் போங்கள், சாப்பாட்டுக்கு முந்தின நேரத்தில் போங்கள், அப்போதுதான் அவசரம் தெரியும். எண்ணிக்கை சரிந்திருந்தால் ஆட்களைத் திட்டும் முன் கயிறு அங்கே இருக்கிறதா, கைப்பிடியை யாராவது சாமான் ஏற்றக் கழற்றினார்களா என்று பாருங்கள்.

பயிற்சியின் எல்லையையும் மறக்கக்கூடாது. 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். ஆந்திராவிலிருந்து பிழைக்க வந்தவர்கள் அதில் நிறையப் பேர். அவர்களுக்கு எவ்வளவு நல்ல பயிற்சி கொடுத்திருந்தாலும் அந்தக் கட்டடம் நின்றிருக்காது. வரைபடம், மண் பரிசோதனை, அஸ்திவாரம் எல்லாம் மேலே இருப்பவர்களின் கடமை. அதைத் தொழிலாளியின் "கவனக்குறைவு" கணக்கில் எழுத நான் ஒருநாளும் ஒப்பமாட்டேன்.

தீபாவளி, பீகார் ஆட்கள் கொண்டாடும் சத் பூஜை, பொங்கல் முடிந்து ஆட்கள் திரும்பும் வாரங்களைக் காலண்டரில் இப்போதே குறித்து வையுங்கள். பழைய முகங்களோடு புதிய முகங்கள் வரும், அவர்களுக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முதல் நாள் உயரத்தில் ஏற்றாமல், ஒரு பழைய ஆளோடு சேர்த்து விடுங்கள். அதே நாளில் ஆதார் நகலை வாங்கி, கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு இல்லாதவர்களுக்கு விண்ணப்பம் போட்டுவிடுங்கள். 1994இலிருந்து வாரியம் இருக்கிறது; 18 வயதிலிருந்து 60 வயதுவரை சேரலாம். ஊருக்குப் பேசவேண்டிய வீட்டு எண் ஒன்றையும் அவரவர் ஹெல்மெட்டின் உள்பக்கத்தில் மார்க்கரால் எழுதச் சொல்லுங்கள்.